நிழற்படமும் நல்நோக்கும்

கண்ணுடையோர் யாவரும் காண்கின்றனர், நோக்குவோர் சிலரே. காண்டல் கண்ணின் தொழில். நோக்கல் உள்ளத்தின் தொழில். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை இக்காலத்தில் கண்கூடாக விளக்கிக் காட்டுவது நிழற்படக் கலையே எனலாம். 1839ஆம் ஆண்டில் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முறை பாரிஸ் நகரில் உலகறிய வெளியிடப்பட்டபோது, இயற்கை தன்னைத் தானே வரைந்துகொள்ளும் வழி கிடைத்துவிட்டது என்று பலரும் வியந்தனர். ஓவியனுடைய கை அதில் இல்லை. ஆகவே அவனுடைய விருப்பு வெறுப்புகளும் அதில் இல்லை என்று எண்ணினர். ஆனால் காமிராவை எங்கே நிறுத்துவது, எத்திசையில் திருப்புவது, எக்கணத்தில் இயக்குவது என்னும் மூன்றும் மனிதன் கையில் அன்றோ இருக்கின்றன? இம்மூன்றும் உள்ள இடத்தில் சேதனை உண்டு. சேதனையே கம்மம் என்பது பகவான் புத்தரின் போதனை. ஆகவே படம் எடுத்தல் என்னும் சிறு செயலும் அறத்தின் ஆட்சிக்கு உட்பட்டதே ஆகும்.

முன்னாளில் இக்கலை செல்வர் சிலரிடமும் தொழில் வல்லார் சிலரிடமும் மட்டுமே இருந்தது. இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படம் எடுக்கின்றனர். விகாரையிலும் விழாவிலும், மணவீட்டிலும் இழவு வீட்டிலும், விபத்து நேர்ந்த சாலையோரத்திலும் கைகள் உயர்கின்றன. நல்ல படம் எடுப்பது எப்படி என்று கற்பிப்போர் பலர். படம் எடுப்பதில் நல்லது யாது என்று வினவுவோர் சிலர். இக்கட்டுரை இரண்டாம் வினாவைப் பற்றியது. ஆயினும் முதல் வினாவின் இயல்பை ஓரளவேனும் அறியாமல் இரண்டாவதற்கு விடை காண இயலாது.

படத்தின் உறுப்புகள்

சொற்களால் வாக்கியம் அமைவது போல, கோடு, வடிவம், ஒளி, வெளி முதலிய உறுப்புகளால் படம் அமைகிறது. இவற்றுள் முதலாவது கோடு. சாலை, ஆற்றங்கரை, தூண் வரிசை ஆகியவை பார்ப்பவன் கண்ணைக் கைபிடித்து அழைத்துச் செல்லும். கிடைக்கோடு அமைதியைத் தரும். நேர்நிலைக் கோடு உறுதியைத் தரும். சாய்கோடு இயக்கத்தைக் காட்டும். கடலின் விளிம்பு சிறிது சாய்ந்துவிட்டாலும் படம் முழுவதும் நிலை தவறியதாகத் தோன்றுவது இதனாலேயாம்.

இரண்டாவது வடிவம். தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலையை நோக்குக. இரு முழங்கால்களும் அகன்ற அடியாகவும், தலை உச்சியாகவும் அமைந்து ஒரு முக்கோணம் தோன்றுகிறது. அசையாமை என்னும் கருத்தை முகத்தைக் காணுமுன்னரே அவ்வடிவம் நமக்கு உணர்த்திவிடுகிறது. மூன்றாவது ஒளி. நண்பகல் வெயில் தலைமேலிருந்து விழுவதால் கண்குழிகள் இருண்டுபோகும். காலை மாலை வேளைகளின் சாய்ந்த ஒளியோ, மேடு பள்ளங்களை எல்லாம் எடுத்துக் காட்டும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களை நேர்முகமான ஒளியில் எடுத்தால் அவை தட்டையான கல்லாகவே தெரியும். பக்கவாட்டில் தாழ்ந்து வரும் ஒளியில் எடுத்தால் ஒவ்வொரு மடிப்பும் விரலும் உயிர் பெறும். 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி அச்சிற்பங்களைச் சென்னையில் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு அவற்றுள் பல கப்பலேறி லண்டனுக்குச் சென்றுவிட்டன. பிரிந்துபோன கற்கள் ஓரிடத்தில் இருந்ததற்கு அப்படங்கள் இன்றும் சான்று கூறுகின்றன.

நான்காவது வெளி. படத்தில் ஒன்றும் இல்லாத இடம் வீணான இடம் அன்று. அது உள்ள பொருளுக்கு மதிப்பைத் தரும் இடமாகும். ஒருவர் வலப்புறம் நோக்குவாராயின், அப்புறத்தில் சிறிது வெளி விடாவிட்டால் அவர் சுவரில் முட்டிக்கொள்பவர் போலத் தோன்றுவார். ஐந்தாவது இடநிலை. படப்பரப்பை இரு கிடைக்கோடுகளாலும் இரு நேர்கோடுகளாலும் மும்மூன்று பகுதிகளாகப் பிரித்து, அக்கோடுகளின் மேலோ அவை வெட்டும் இடங்களிலோ முதன்மையானதை வைத்தல் நன்று என்பர். மூன்றிலொரு பங்கு விதி எனப்படும் இதனை 1797ஆம் ஆண்டில் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் இயற்கைக் காட்சி ஓவியங்களுக்காக எழுதிவைத்தார். நிழற்படம் தோன்றும் முன்னரே பிறந்த விதி இது. இறுதியாக, பின்புலம். தலைக்குப் பின்னே விளக்குக் கம்பம் நின்றால், தலையிலிருந்து கம்பம் முளைத்ததாகத் தோன்றும். அதனைத் தவிர்க்க ஓரடி விலகி நின்றால் போதும்.

இவை யாவும் கற்றுக்கொள்ளக் கூடிய எளிய செய்திகளே. கற்ற பின்னரே உண்மையான இடர் தொடங்குகிறது. ஏனெனில், கோடும் ஒளியும் பார்ப்பவன் உள்ளத்தைத் தாம் விரும்பிய வழியில் செலுத்த வல்லவை. அவ்வாற்றல் கைக்கு வந்தவனிடம் தம்மம் இரண்டு ஐயங்களை எழுப்புகிறது.

முதல் ஐயம்: அழகைப் பற்றுதல் ஆகுமா?

புலனடக்கத்தைப் பற்றிக் கூறுமிடத்தில் பகவான் பிக்குகளுக்கு அறிவுறுத்துவது யாது? கண்ணால் ஓர் உருவத்தைக் காணுங்கால் அதன் நிமித்தத்தையும், அதாவது பொதுத் தோற்றத்தையும், அநுவியஞ்சனத்தையும், அதாவது தனித்தனி உறுப்பழகையும் பற்றிக்கொள்ளலாகாது என்பதாம். நிழற்படக் கலைஞனோ இவ்விரண்டையும் தேடிப் பற்றுவதையே தொழிலாகக் கொண்டவன். வடிவம் நிமித்தம், ஒளியில் மின்னும் இமைமயிர் அநுவியஞ்சனம். அங்ஙனமாயின் இக்கலை அவாவை வளர்க்கும் கலை அன்றோ?

இவ்வையத்திற்குத் துணையாக விசுத்தி மார்க்கத்தில் புத்தகோசர் கூறும் ஒரு வரலாறும் உண்டு. இலங்கையில் குரண்டகம் என்னும் பெருங்குகையில் சித்தகுத்தர் என்னும் தேரர் வாழ்ந்தார். ஏழு புத்தர்களின் துறவு அக்குகையில் அழகிய ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்தது. விருந்தாக வந்த பிக்குகள் அதனைக் கண்டு புகழ்ந்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்ந்தும் ஓவியம் ஒன்று உண்டென்பதையே தாம் அறியாதிருந்ததாகத் தேரர் கூறினார். அவர் கண்ணை உயர்த்தி நோக்கியதே இல்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு ஓவியமும் நிழற்படமும் பௌத்தனுக்கு ஆகா என்று முடிவு செய்வது அவசர முடிவாகும். தேரரின் அடக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அக்குகையில் அவ்வோவியத்தைத் தீட்டியவரும் ஒருவர் இருந்தார். சங்கம் அதனை அழித்துவிடவில்லை. அடக்கம் கைவந்தவருக்கு ஓவியம் தேவையில்லை. துறவின் பொருளை இன்னும் அறியாதவனுக்கு அது வழிகாட்டி. ஒரே சுவரின் கீழ் இருவருக்கும் இடம் இருந்தது.

அதே நூல் இன்னொன்றையும் கற்பிக்கிறது. மண் கசிணத் தியானம் பழகுவோன், இளஞாயிற்றின் நிறமுடைய களிமண்ணைக் கொண்டு ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டம் அமைக்க வேண்டும். அவ்வட்டத்திலிருந்து இரண்டரை முழத் தொலைவில், ஒரு சாணும் நான்கு விரலும் உயரமுள்ள இருக்கையில் அமர வேண்டும். இதனினும் விலகினால் வட்டம் தெளிவாகத் தோன்றாது. நெருங்கினால் அதன் குறைகள் கண்ணை இழுக்கும். இருக்கை உயர்ந்தால் கழுத்தைக் குனிய வேண்டிவரும். தாழ்ந்தால் முழங்கால் நோகும். எவ்வளவு நுட்பமான அறிவுரை! எல்லை வகுத்தல், தொலைவைத் தேர்தல், உயரத்தைத் தேர்தல் ஆகிய மூன்றும் இங்கே உள்ளன. நிழற்படக் கலைஞன் செய்வதும் இம்மூன்றே. உள்ளம் சிதறாமல் ஒன்றினிடத்து நிலைக்கும்பொருட்டு எல்லை வகுப்பது தம்மத்திற்குப் பகை அன்று. அது தம்மமே பயன்படுத்தும் வழி.

ஆகவே வேறுபாடு உருவத்தில் இல்லை. நோக்கும் முறையில் இருக்கிறது. முறையான மனனத்தோடு நோக்குவதை யோனிசோ மனசிகாரம் என்பர். உதிர்ந்த இலையின் நரம்புகளை ஒருவன் நெருங்கி நின்று படம் எடுக்கிறான் என்க. அவ்வழகு தன்னுடையதாக வேண்டும், தான் புகழ் பெற வேண்டும் என்னும் எண்ணம் அவனை இயக்கினால் அது பற்று. காய்ந்து சுருங்கும் அவ்விலையில் நிலையாமையைக் கண்டு, கண்டதைப் பிறர்க்கும் காட்ட விழைந்தால் அது நல்நோக்கு. இரண்டிலும் இலை ஒன்றே, ஒளி ஒன்றே, உள்ளம் மட்டும் வேறு.

பழைய பௌத்தச் சிற்பிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். சாஞ்சியிலும் அமராவதியிலும் உள்ள பழஞ்சிற்பங்கள் பலவற்றில் பகவானின் உருவம் இல்லை. வெறும் ஆசனம் உண்டு. அதன்மேல் போதி மரம் உண்டு. திருவடிச் சுவடுகள் உண்டு. சூழ நிற்போர் யாவரும் அவ்வெற்றிடத்தை நோக்கிக் கைகூப்புகின்றனர். எல்லாக் கோடுகளும் சென்று சேரும் இடத்தில் ஒன்றும் இல்லை. இவ்வெளியை நோக்கும் நெஞ்சம் எதனைப் பற்றும்? கலையுறுப்புகளைக் கொண்டே பற்றின்மையைக் கற்பிக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் ஐயம்: விலக்குதல் பொய்யாகுமா?

சட்டத்திற்குள் ஒன்றை வைத்தல் என்பது சட்டத்திற்கு வெளியே ஆயிரத்தைத் தள்ளுதல் ஆகும். முழுமையைச் சொல்லாதவன் உண்மை சொன்னவன் ஆவானோ? பொய் கூறாமை என்னும் சீலத்தை ஏற்றவன் இதனை எண்ணியே ஆக வேண்டும்.

உதானத்தில் வரும் பிறவிக் குருடர் கதையை யாவரும் அறிவர். யானையின் தலையைத் தடவியவன் குடம் என்றான், காதைத் தடவியவன் முறம் என்றான், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர். அவர்கள் செய்த பிழை யாது? ஒரு பகுதியை மட்டும் தடவியது பிழை அன்று. கை இருக்கும் அளவே அவர்களால் தடவ இயலும். பகுதியை முழுமை என்று சாதித்ததே பிழை. படத்திற்கும் இதுவே விதி. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரும் இலட்சக்கணக்கான மக்களும் திரிசரணம் ஏற்றனர். அத்தகைய பெருந்திரளைத் தொலைவில் உயர்ந்த இடத்திலிருந்து எடுத்தால் தலைகளின் கடல் தோன்றும். நெருங்கிச் சென்று எடுத்தால் வெள்ளுடை உடுத்த ஒருவரின் கலங்கிய கண் தோன்றும். முன்னது எண்ணிக்கையைச் சொல்லும். பின்னது ஏன் வந்தனர் என்பதைச் சொல்லும். இரண்டும் பகுதிகளே, இரண்டும் மெய்யே. ஒன்றை மட்டும் காட்டி, இதுவே முழுதும் என்று வாதிடும்போதுதான் பொய் பிறக்கிறது.

எனினும் எல்லா விலக்கலும் ஒன்றல்ல. கருத்திற்குத் தேவையற்றதை விலக்குவது ஒன்று. தெரிந்தால் கருத்தே மாறிவிடும் என்று அஞ்சி விலக்குவது மற்றொன்று. பத்துப் பேர் வந்த கூட்டத்தைப் பெருங்கூட்டமாகக் காட்ட வெற்று நாற்காலிகளை வெட்டி எறிபவன் செய்வது இரண்டாவது. அவன் எடுத்த படத்தில் பொய்யான புள்ளி ஒன்றும் இல்லை. ஆயினும் படம் பொய் சொல்கிறது.

பொருள்களை இடம் மாற்றுவது இன்னும் ஒரு படி. 1855ஆம் ஆண்டு கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை இருமுறை படம் எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. மற்றொன்றில் சாலையின் மேலும் பரவிக் கிடக்கின்றன. எது முந்தியது என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. இரு படங்களிலும் சிறு கற்கள் இடம் பெயர்ந்துள்ள விதத்தைக் கொண்டு, சாலை வெறுமையாக உள்ள படமே முந்தியது என்று பின்னாளில் முடிவு கண்டனர். படம் வலிமை பெறும்பொருட்டுக் குண்டுகள் சாலையில் இடப்பட்டன போலும் என்னும் ஐயம் அன்றுமுதல் அப்படத்தை விட்டு நீங்கவில்லை.

1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் படிப்பினை மிக்கது. கடும் வறட்சியால் நிலம் வெடித்துக் கிடந்த தென் டகோட்டாவில் ஆர்தர் ரோத்ஸ்டைன் என்பவர் அரசாங்கத்திற்காகப் படம் எடுத்தார். மாட்டு மண்டையோடு ஒன்றைக் கண்டு, அதனைச் சில அடிகள் நகர்த்தி, ஒளியும் நிழலும் நன்கு அமையுமாறு வெவ்வேறு இடங்களில் வைத்துப் பலமுறை எடுத்தார். ஒரே மண்டையோடு இருவேறு நிலங்களில் காணப்பட்டதை எதிர்க்கட்சியினர் கண்டுகொண்டனர். வறட்சியே அரசாங்கத்தின் புனைவு என்று முழங்கினர். வறட்சி மெய், வாடிய உழவர் மெய், இறந்த கால்நடைகள் மெய். ஆனால் சில அடி நகர்ந்த ஓர் எலும்பு அத்தனை மெய்யையும் ஐயத்திற்கு உள்ளாக்கியது. மெய்யைக் காப்பதற்காகச் சொல்லும் சிறு பொய்யால் முதலில் இறப்பது அம்மெய்யே ஆகும்.

இதிலிருந்து எளிய விதி ஒன்றைப் பெறலாம். படம் செம்மையாக வேண்டுமெனில் நீ நகர், பொருளை நகர்த்தாதே. கம்பம் தலையில் முளைப்பதாகத் தோன்றினால் ஓரடி விலகு. ஒளி போதவில்லையெனில் மாலைவரை காத்திரு. உலகைத் தன் விருப்பத்திற்கு வளைப்பதை விட்டு, உலகிற்கு ஏற்பத் தன் இருக்கையை மாற்றிக்கொள்வதே பணிவு. தாமே அடுக்கிவைத்து எடுக்கும் மலர்க்கிண்ணத்திற்கும், யாவரும் அறியப் புனையும் விளம்பரத்திற்கும் இவ்விதி இல்லை. அங்கே ஒருவரும் சான்று கேட்பதில்லை. நிகழ்ந்தது இது என்று உறுதி கூறும் படத்திற்கே இவ்விதி.

சட்டத்திற்குள் மனிதர்

இலையும் கல்லும் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. மனிதரைப் படம் எடுக்கும்போது அறவினா மேலும் ஆழமாகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் உவவனத்துப் பளிக்கறை ஒன்று கூறப்படுகிறது. உள்ளே இருப்பவரின் உருவத்தை அது புறத்தே காட்டும். குரலை வெளியே விடாது. அவ்வறையினுள் நின்ற மணிமேகலையின் உருவத்தைக் கண்டுதான் உதயகுமரன் மயங்கினான். அவள் துறவை விழைந்த உள்ளத்தை அவன் காணவில்லை. அவன் அழிவுக்கும் அதுவே தொடக்கமாயிற்று. நிழற்படமும் ஒரு பளிக்கறையே. உருவம் தெரியும்; குரல் கேளாது. ஆகவே குரலற்றுப்போன அம்மனிதருக்காகப் பேசும் கடமை படம் எடுப்பவனைச் சேர்கிறது.

இக்கடமையை மறந்ததற்கு வரலாற்றில் சான்றுகள் பல. 1868 முதல் 1875 வரை 'இந்தியாவின் மக்கள்' என்னும் பெயரில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளியாயின. நூற்றுக்கணக்கான மனிதர் அவற்றில் உள்ளனர். பலருக்குத் தம் பெயர் இல்லை, குலத்தின் பெயரே உண்டு. படத்தின் அருகே அக்குலத்தார் எத்தகைய குணமுடையோர் என்னும் தீர்ப்பும் எழுதப்பட்டது. தாயும் மகனும் தொழிலும் துயரமும் உடைய ஒரு மனிதர், சட்டத்திற்குள் வந்தவுடன் மாதிரிப் பொருளாகிவிட்டார். பிறப்பினால் ஒருவனை அளக்கலாகாது என்று பகவான் விலக்கிய அதே பிழையைப் புதிய கருவியொன்று புதிய முறையில் செய்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி பஞ்சத்தில் வாடியோரைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மக்கள், குடும்ப விழாவில் படம் எடுப்பது போல, அமர்ந்தும் நின்றும் கிடந்தும் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளனர். அமைப்பில் குறை இல்லை. அதுவே நம்மை நடுங்க வைக்கிறது. அப்படங்கள் அக்கொடுமைக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிற்கவும் வலுவில்லாதோரைச் சட்டத்திற்கு ஏற்ப அமர்த்திய அந்நேரத்தில், கருணை எங்கே நின்றது என்னும் வினாவும் அவற்றோடு சேர்ந்தே நிற்கிறது. அதே ஹூப்பர் 1886ஆம் ஆண்டில் பர்மாவின் மாந்தலை நகரில் மரண தண்டனை பெற்றோர் சுடப்படும் கணத்தைப் படம் எடுக்க முனைந்தார். படத்தகட்டை ஒளிக்குக் காட்டும் நேரத்திற்கு ஏற்பச் சுடும் ஆணையைத் தாழ்த்தினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது, விசாரணை நடந்தது, அவர் கண்டிக்கப்பட்டார். நல்ல படத்திற்கான பொறுமை கொடுமையாக மாறும் இடம் இதுவாம்.

துன்பத்தைப் படம் எடுக்கவே கூடாதோ எனின், அதுவும் அன்று. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் சைகோன் நகரின் நாற்சந்தியில் திக் குவாங் டக் என்னும் வியட்நாம் பிக்கு, பௌத்தர்கள்மீது நிகழ்ந்த ஒடுக்குமுறையைக் கண்டித்துத் தம் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார். மால்கம் பிரௌன் என்னும் செய்தியாளர் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. அச்செயல் தம்மத்திற்கு இசைந்ததா என்பது வேறு வினா. ஈண்டு படத்தை மட்டும் நோக்குவோம். தீயின் நடுவே நிமிர்ந்த முக்கோணமாக அமர்ந்த உடல். ஒருபுறமாகச் சாயும் சுடர். அருகே பெட்ரோல் கலம். பின்னே முன்மூடி திறந்த மோட்டார் வண்டி. சூழ நிற்கும் பிக்குகள். எதனையும் அவர் அமைக்கவில்லை. உலகிற்குச் சான்று வேண்டும் என்று பிக்குகளே செய்தியாளரை முன்கூட்டி அழைத்திருந்தனர். பளிக்கறைக்குள் இருந்தவர் தாமே தம் குரல் வெளியே செல்லுமாறு வேண்டினார் எனலாம். மாந்தலையில் இறப்பு படத்திற்காகக் காத்திருந்தது. சைகோனில் படம் இறந்தவரின் சொல்லைச் சுமந்து சென்றது. இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவே அறத்தின் தொலைவு.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே நிற்பது டாரதியா லாங்கே 1936ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எடுத்த வறிய தாயின் படம். சிறிது சிறிதாக நெருங்கிச் சென்று, இறுதியில் தாயின் முகமும் தோளில் முகம் புதைத்த குழந்தைகளும் மட்டும் சட்டத்தை நிறைக்குமாறு அவர் எடுத்தார். அப்படம் உலகின் மனத்தை உருக்கியது. ஆயினும் 1978ஆம் ஆண்டில் அத்தாய் வெளிப்பட்டு, அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று வருந்தினார். கருணையோடு எடுத்த படமும், எடுக்கப்பட்டவருக்கு ஒரு கடனை விட்டுச் செல்கிறது என்பதை அவருடைய வருத்தம் நினைவூட்டுகிறது.

இவை தொலைதூரத்துச் செய்திகள் என்று எண்ணற்க. வெள்ளத்தில் வீடிழந்தவருக்கு ஐந்து படி அரிசி கொடுப்போர், அவர் கையில் மூட்டையைத் திணித்துக் காமிராவை நோக்கச் சொல்லுகின்றனர். படத்தின் நடுவில் கொடுப்பவரின் புன்னகை. ஓரத்தில் பெறுபவரின் நாணம். உயரத்திலிருந்து தாழ நோக்கும் காமிரா மனிதரைச் சிறிதாக்கும். தாழ்விலிருந்து உயர நோக்கும் காமிரா பெரிதாக்கும். துப்புரவுத் தொழிலாளரைக் குழிக்குள் நிற்க வைத்து மேலிருந்து எடுக்கின்றனர். தலைவரைக் கீழிருந்து எடுக்கின்றனர். இது வெறும் கோணம் அன்று. சாதியும் செல்வமும் வகுத்த படிக்கட்டின் மறுபதிப்பு. சமத்துவத்தை வாயால் பேசுவோர் காமிராவையும் கண்மட்டத்தில் பிடித்தல் வேண்டும். குழந்தையை எடுக்க விரும்பினால் முழங்காலிடுக. தரையில் அமர்ந்திருப்பவரை எடுக்க விரும்பினால், முதலில் அவர் அருகே தரையில் அமர்ந்து, எடுக்கலாமா என்று கேட்டு, அவர் வேண்டாமென்றால் எழுந்து வருக.

மூன்று வினாக்கள்

மஜ்ஜிம நிகாயத்தில் அபய ராஜகுமாரனோடு பகவான் உரையாடிய சுத்தம் ஒன்று உண்டு. ததாகதர் எத்தகைய சொல்லைச் சொல்லுவார் என்பது அங்கே விளக்கப்படுகிறது. மெய்யல்லாததை அவர் சொல்லார். மெய்யாயினும் பயனற்றதைச் சொல்லார். மெய்யும் பயனும் உடையதையும், அது கேட்போர்க்கு இனியதாயினும் இன்னாததாயினும், காலம் அறிந்தே சொல்லுவார். அப்போது இளவரசனின் மடியில் ஒரு குழந்தை இருந்தது. குழந்தை வாயில் கல்லையோ குச்சியையோ போட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவான் வினவினார். இரத்தம் கசிந்தாலும் அதனை எடுத்துவிடுவேன், குழந்தைமேல் எனக்கு இரக்கம் உண்டு என்றான் இளவரசன்.

சொல்லுக்கு வகுத்த இவ்விதி படத்திற்கும் பொருந்தும். காமிராவை இயக்குமுன்னும், எடுத்ததைப் பிறர்க்கு அனுப்புமுன்னும் மூன்றே வினாக்கள்: இது மெய்யா? இதனால் யாருக்கேனும் நன்மை உண்டா? இதற்கு இது காலமா? விபத்தில் வீழ்ந்தவர் குருதி ஒழுகக் கிடக்கிறார். படம் மெய்யாக இருக்கலாம். பின்னொரு நாள் வழக்கு மன்றத்தில் பயனும் தரலாம். ஆயினும் தூக்கிவிட வேண்டிய கை காமிராவைப் பிடித்திருக்குமாயின் அது காலமன்று. இதற்கு மாறாக, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் எரிந்து கிடக்கும் குடிசைகளின் படம் காண்போர்க்கு இன்னாதது. எனினும் குழந்தை வாயிலிருந்து கல்லை எடுப்பது போன்றது. குருதி கசியும் என்று அஞ்சி அதனை மறைப்பதும் கருணையன்று.

இம்மூன்றையும் கேட்ட பின்னர், கோட்டையும் ஒளியையும் வெளியையும் பற்றிக் கற்றவை யாவும் பயன்படட்டும். மெய்யைத் தெளிவின்றிச் சொல்வது மெய்க்குச் செய்யும் கேடு. ஆதலால் செம்மையாகப் படம் எடுக்கக் கற்பதும் ஒருவகையில் வாய்மையின் பகுதியே. அழகிய அமைப்பு மெய்யின் ஏவலாளாக இருக்கும்வரை தீங்கில்லை. அது தலைவனாகும் நாளில்தான் மண்டையோடுகள் நகரத் தொடங்குகின்றன.

சங்க அன்பர்கள் வரும் வைகாசி விழாவிலும் பற்பல படங்கள் எடுப்பர். புத்தர் சிலையையும் விளக்கு வரிசையையும் எடுக்குமுன், சிறிது நேரம் கைகூப்பி நின்று கண்ணால் நோக்குக. பின்னர்க் கருவியை எடுக்க. சோறு வடித்துக் கொட்டும் அடுக்களையிலும், விழா முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டுவோரிடத்தும் ஒருமுறை செல்க. அவர்கள் இசைந்தால் அவர்களையும் எடுக்க. அப்படத்தின் கீழே அவர்கள் பெயரைத் தவறாமல் எழுதுக.